ரைசினா குன்று வீடு: கேள்வியும் பதிலும்

கேள்வி: குடியரசுத் தலைவர் மாளிகையை முதலில் யாருக்காகக் கட்டினார்கள்?

வைஸ்ராய்க்காக. 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றப் போவதாக அறிவித்தார். சூட்டோடு சூடாக வடக்கு டெல்லியில் அடிக்கல்லும் நட்டாயிற்று. அப்புறம் அந்த இடம் சரிப்படாது என்று தெரிந்து, கல்லையே பெயர்த்துத் தெற்கே ரைசினா குன்றுக்குக் கொண்டு வந்தார்கள். எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த கட்டடம் அது, 340 அறைகள். 1929-ல் வேலை முடிந்தது. முதலில் குடியேறியவர் அப்போதைய வைஸ்ராய் இர்வின் பிரபு. இவ்வளவு பாடுபட்டும் வெள்ளைக்காரர்கள் அதை அனுபவித்தது 20 வருஷம்கூட இல்லை.

கேள்வி: தூரத்தில் கம்பீரமாகத் தெரியும் குவிமாடம், கிட்டே போகப் போக மறைகிறதே?

அதற்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே இருக்கிறது. இரு பக்கமும் நிற்கும் செயலகக் கட்டடங்கள், லட்யன்ஸோடு வேலை பார்த்த இன்னொரு கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கருடையவை. அவற்றையும் குன்றின் மேலேயே வைத்தபோது வைஸ்ராய் மாளிகை பின்னுக்குப் போய்விட்டது. முன்னால் சாலை செங்குத்தாக ஏறுகிறது. இந்தியா கேட் பக்கமிருந்து நடந்து வந்து பாருங்கள். குன்றின் அடியில் இருக்கும் விஜய் சௌக் சதுக்கத்தை நெருங்கும்போது மாளிகை இடுப்பு வரை, கழுத்து வரை என்று தரைக்குள் அமிழ்ந்துகொண்டே போகும். சரிவைக் குறைக்கச் சொல்லி லட்யன்ஸ் வருஷக்கணக்கில் மன்றாடினார், நடக்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு 1913-லேயே ஒப்புதல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பேக்கரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: ராஜாஜி அங்கே ஏர் உழுதார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். அவர் கவர்னர் ஜெனரலாக இருந்த 1948–50 காலத்தில் நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். மாளிகை வளாகத்தில் ஒரு பகுதியைக் கோதுமை வயலாக்கி, தானே ஏர் பிடித்தார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. வைஸ்ராய் புழங்கிய ஆடம்பர அறைகள் அவருக்கு ஒத்துவரவில்லை; சின்ன அறைகள் இருந்த பகுதிக்கு மாறிக்கொண்டார். பின்னால் வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தப் பக்கமே தங்கினார்கள். வைஸ்ராயின் அறைகள் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு என்று ஆகிவிட்டன.

கேள்வி: முகல் கார்டன் இப்போது இல்லையா?

மாளிகையின் அந்தத் தோட்டம் அப்படியேதான் இருக்கிறது. 2023-ல் பெயரை அம்ருத் உத்யான் என்று மாற்றினார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: அப்துல் கலாம் உறவினர்களுக்குச் சொந்தப் பணம் கட்டினாராமே?

ஆமாம். 2006-ல் சொந்தக்காரர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வந்து தங்கினார்கள். அறை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுமார் மூன்றரை லட்சம் ரூபாயைத் தன் கணக்கிலிருந்து கட்டினார். அவர்கள் குடித்த டீக்கும் அதில் கணக்கு உண்டு.