சிங்கப்பூரின் குணத்தைத் தெருப் படங்களில் பதிவு செய்வது எப்படி?

"வார இறுதிகளில் கேமராவுடன் சிங்கப்பூர்த் தெருக்களில் நடக்கிறேன், ஆனால் படங்களெல்லாம் சுற்றுலாக் கையேட்டில் வருபவை போலவே அமைந்துவிடுகின்றன. இவ்வளவு ஒழுங்கான ஊரில் தெருப் புகைப்படக் கலைக்கு இடம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் உண்டு. லிட்டில் இந்தியா வட்டாரத்தில் உள்ள தேக்காவையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த ஊரில் கட்டடங்களை நம்பிப் படமெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011இல் கடைசி ரயில் புறப்பட்டுவிட்டது. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. ரோச்சோர் சென்டர் என்ற குடியிருப்பு வளாகத்தின் வண்ணம் பூசிய நான்கு அடுக்குமாடி புளோக்குகளும் இடிக்கப்பட்டுவிட்டன. இவ்வளவு மாற்றங்களுக்கு நடுவிலும் விடாமல் தொடர்வது, பொது இடத்தை மக்கள் தங்களுடையதாக்கிக்கொள்ளும் விதம். உணவங்காடி நிலையத்தில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகிறார்கள். அந்த இடத்தில் வேறு யாரும் உட்காருவதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில், வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, முதியவர்கள் மாலைதோறும் கூடுகிறார்கள். நீங்கள் தேடும் குணம் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

அதைக் காண்பதற்குச் சிறந்த இடம் ஐந்தடிப் பாதை. கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த கடைவீடுகளின் முன்னால் மக்கள் வெயிலிலும் மழையிலும் நடந்து செல்வதற்கு இடைவெளியின்றிக் கூரையிட்ட பாதை இருக்க வேண்டும் என்று நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இலேயே நகரத் திட்டத்தில் வகுத்தார். நடப்பதற்கென்று விடப்பட்ட அந்தப் பாதையில் முடிதிருத்துபவர், செருப்புத் தைப்பவர், கிளி சோதிடர் என ஒரு தலைமுறையே பிழைப்பு நடத்தியது. இன்றும் பஃபலோ சாலையில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் பெட்டி பெட்டியாகப் பாதையோரம் வந்து நிற்கின்றன. அங்கே பூக்கட்டுபவர் ஒருவரை நான் அடிக்கடி படமெடுப்பதுண்டு. வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் விலை சொல்லிக்கொண்டே, உள்ளே இருப்பவரிடம் தமிழில் சில்லறை கேட்டுக்கொண்டே இருப்பார். கண் ஒருமுறைகூடக் கையைப் பார்க்காது, நூல் மட்டும் விரலைச் சுற்றிச் சுற்றி முடிச்சிட்டபடி இருக்கும். அவருடைய முகத்தைவிட அந்தக் கைகளும், பக்கத்தில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் மூடி வைத்த மல்லிகையும்தான் தேக்காவைச் சொல்கின்றன என்பதால், சில படங்களில் முகத்தையே சேர்ப்பதில்லை.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறோம். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ காலை ஏழு மணிக்குச் சூரியன் உதித்து மாலை ஏழு மணிக்கு மறைகிறது. நண்பகலில் உச்சி வெயில் நெற்றிக்குக் கீழே கண்களை இருட்டாக்கிவிடுகிறது. எனவே பகல் நேரத்தில் தெருவின் நடுவே நிற்காமல் ஐந்தடிப் பாதைக்குள் வந்துவிடுங்கள். வெளியே பட்டுத் திரும்பும் வெயில் பக்கவாட்டிலிருந்து முகங்களில் மென்மையாக விழும். 35 மி.மீ. அல்லது 28 மி.மீ. லென்ஸ் போதும். தொலைவிலிருந்து இழுத்து எடுக்கும் பெரிய லென்ஸை நான் பரிந்துரைப்பதில்லை. எடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

மக்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்காவைச் சுற்றியுள்ள திடல்களிலும் நடைபாதைகளிலும் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஊழியர்கள் கூடுகிறார்கள். பலருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. புல்லில் களைத்து உறங்குபவரையும், கைப்பேசித் திரையில் பிள்ளையைப் பார்த்துக் கண் கலங்குபவரையும் அவர்களுக்குத் தெரியாமல் எடுத்து, சோகச் சித்திரமாக வெளியிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். வீட்டுக்குள் செய்ய வேண்டியவற்றை இடமில்லாத காரணத்தால் வெட்டவெளியில் செய்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு ஒரு கதவு இருப்பதாகவே நாம் எண்ணிக்கொள்ள வேண்டும்.

தீபாவளி விளக்குகள் ஏற்றியிருந்த ஒரு மாலை, சிராங்கூன் சாலையில் ஓர் இளைஞர் தாமாகவே என்னிடம் வந்தார். "அண்ணே, லைட்டு எல்லாம் தெரியிற மாதிரி ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா? ஊர்ல அம்மா பாக்கணும்ணு சொல்லுச்சு" என்றார். கேமராவைத் தூக்கியதும் "இருங்கண்ணே" என்று நிறுத்தி, நண்பரின் கைக்கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். சட்டையை இழுத்துவிட்டு, சிரிக்காமல் நிமிர்ந்து நின்றார். நின்று கொடுக்கும் படம் தெருப் படமாகாது என்பார் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்நகரில் உழைக்கும் ஒருவர் தம்மை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறார் என்பதும் இந்நகரின் குணத்தில் ஒரு பகுதிதான். படத்தை அன்றிரவே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் இசைவு தந்த பிறகே என் தொகுப்பிலும் சேர்த்தேன்.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுத் தெருவில் படமெடுக்கப் பொதுவாகத் தடையில்லை. படமெடுக்கத் தடை என்று பலகை வைத்துள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் எடுக்கவே கூடாது. கடைத்தொகுதிகளும் கோயில்களும் தத்தம் விதிகளை வைத்திருக்கின்றன. குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேளுங்கள். யாரேனும் அழிக்கச் சொன்னால், வாதிடாமல் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள்.

முன்னோரின் படங்களையும் பாருங்கள். சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கத்தை 1984இல் பெற்ற புகைப்படக் கலைஞர் யிப் சியோங் ஃபன், தாம் வாழ்ந்த சைனாடவுனையும் அருகிலிருந்த கடலோரத்தையும் வாழ்நாளெல்லாம் எடுத்தவர். மிடில் ரோட்டில் உள்ள ஆப்ஜெக்டிஃப்ஸ் என்ற புகைப்பட, திரைப்படக் கலை மையத்தில் இன்றைய கலைஞர்களின் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. தீவு முழுவதையும் சுற்றாமல், உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு சந்தையையோ ஒரு கோப்பிக் கடையையோ தேர்ந்தெடுத்து, அங்கிருப்பவர்கள் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும்வரை தொடர்ந்து செல்லுங்கள். ஒவ்வொரு படத்துடனும் தேதி, தெரு, அந்த இடத்தில் என்ன விற்றார்கள், எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்பதை எழுதி வையுங்கள். அந்தக் கடை இல்லாமல் போனபின் படத்தைப் பார்ப்பவர்களுக்கு, படத்தில் தெரியாத இவ்விவரங்கள் வேறெங்கும் கிடைக்காது.