ராக் பாஸ்பேட், சாம்பல், உயிர் உரம்: மக்கு உரத்தில் எதை எப்போது சேர்ப்பது?

கேள்வி: இரண்டு வருடமாக வைக்கோல், காய்ந்த சருகு, கொஞ்சம் மாட்டுச் சாணம் போட்டு மக்கு உரம் தயாரிக்கிறேன். உரம் பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் தக்காளிச் செடியில் அடி இலைகள் மஞ்சளாகின்றன, காயும் குறைவு. உரத்தில் சத்து ஏற்றுவதற்காக ராக் பாஸ்பேட், விறகுச் சாம்பல், உயிர் உரம் மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றாகக் குவியலில் கலந்துவிடலாமா?

பதில்: ஒன்றாகக் கலக்காதீர்கள். பாறையை அரைத்த தூளான ராக் பாஸ்பேட் குவியல் போடும் நாளிலேயே போக வேண்டும். நல்ல நுண்ணுயிர்கள் கலந்த உயிர் உரம், குவியலின் சூடு முழுவதும் தணிந்த பிறகுதான். சாம்பலைக் குவியலில் போடவே வேண்டாம்.

முதலில் அந்த மஞ்சள் இலையைப் பார்ப்போம். புள்ளி எதுவும் இல்லாமல் இலை முழுக்க ஒரே சீராக வெளுத்தால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு. சத்து போதாதபோது செடி பழைய இலையில் இருப்பதை எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும். புள்ளியோ வளையமோ இருந்தால் அது நோயாக இருக்கலாம், உரத்தால் தீராது.

உங்கள் குவியலில் வைக்கோலும் சருகும்தான் அதிகம். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 80 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கும். நுண்ணுயிர்களுக்கு வசதியான அளவோ 25 முதல் 30 பங்குதான். தழைச்சத்து போதாத குவியல் மெதுவாக, அரைகுறையாக மக்கும். அந்த உரத்தை நிலத்தில் போட்டால், மீதியை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். உரம் போட்டும் செடி வெளுப்பதற்கு இது முக்கியமான காரணம். அதனால் அடுத்த குவியலில் பச்சைத் தழை, பயறு வகைச் செடிகள், கோழி எரு இவற்றைக் கூட்டுங்கள். மற்ற எல்லாச் சத்தையும்விட இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

ராக் பாஸ்பேட்டில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைய உண்டு, ஆனால் தண்ணீரில் கரையாது. அமிலத் தன்மை இல்லாத மண்ணில் நேரடியாகப் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். மக்கும்போது உண்டாகும் கரிம அமிலங்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்த மணிச்சத்தும் மக்கிய பொருளோடு ஒட்டிக்கொள்வதால், செடிக்குக் கிடைக்காதபடி மண்ணில் சீக்கிரம் இறுகிவிடாது. 100 கிலோ கழிவுக்கு 3 முதல் 5 கிலோ வரை, அடுக்கு அடுக்காகத் தூவினால் போதும்.

விறகுச் சாம்பலில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) இருப்பது உண்மைதான். ஆனால் அது அமிலத்துக்கு நேரெதிரான கடுமையான காரத் தன்மை உள்ளது. சாணமும் கோழி எருவும் உள்ள குவியலில் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். அமிலத் தன்மையுள்ள மண் என்றால், உரம் போடுவதற்குச் சில வாரங்கள் முன்போ பின்போ மண்ணில் மெல்லியதாகத் தூவலாம். கார மண்ணில் வேண்டாம். சரி, சாம்பல் சத்துக்கு என்ன செய்வது? குவியலை மழையில் நனையவிடாமல் மூடுங்கள். அடியில் வழிந்தோடும் பழுப்புத் தண்ணீரோடு போவது பெரும்பாலும் அந்தச் சத்துதான்.

உயிர் உரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும். நோய்க்கிருமியும் களை விதையும் சாக அந்தச் சூடு வேண்டும். அதே சூட்டில் உயிர் உரத்தில் உள்ள நுண்ணுயிர்களான அசோஸ்பைரில்லமும் (தழைச்சத்து தருவது) பாஸ்போபாக்டீரியாவும் (மணிச்சத்தைக் கரைப்பது) செத்துவிடும். புரட்டிப் போட்டும் சூடு ஏறவில்லை, உள்ளே கைவிட்டால் குளுமையாக இருக்கிறது, மண் வாசனை வருகிறது என்றால் உரம் தயார். அப்போது 100 கிலோவுக்கு இந்த இரண்டு உயிர் உரத்திலும் தலா 200 கிராம் கலந்து, நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடி, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக்கூடாது.

தக்காளி போன்ற பயிருக்கு இன்னும் ஊட்டம் வேண்டுமானால், உயிர் உரம் சேர்ப்பதற்கு முன்பு 100 கிலோ உரத்தில் 10 கிலோ புண்ணாக்குத் தூள் கலக்கலாம். சாதாரண மக்கு உரத்தில் தழைச்சத்து 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 100 கிலோவில் 1 கிலோதான். அதிலும் முதல் பருவத்தில் செடிக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. புண்ணாக்கில் 5 சதவீதம் இருந்தால் கூடுதலாக அரைக் கிலோ, அதுவும் சீக்கிரம் கிடைக்கக்கூடியது. கலந்ததும் குவியல் மறுபடி சூடாகும், பயப்பட வேண்டாம். அது ஆறிய பிறகே உயிர் உரம்.

அப்புறம், நாற்றுக்குப் போடுவதற்கு முன் ஒரு தொட்டியில் உரமும் மண்ணும் சம அளவு கலந்து பத்துப் பயறு விதை ஊன்றிப் பாருங்கள். எட்டு ஒன்பது நன்றாக முளைத்தால் தைரியமாகப் போடலாம். முளை கருகினாலோ பாதிகூட வராவிட்டாலோ இன்னும் இரண்டு வாரம் ஆறவிடுங்கள். நடும்போது குழிக்கு இரண்டு கைப்பிடி போட்டு உடனே மண்ணால் மூடிவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நுண்ணுயிர்கள் அங்கேயே செத்துவிடும்.