காசாவுக்கு மாற்றலாகிப் போகிறவருக்கு

கேள்வி: என் மகன் வங்கி அதிகாரி. ஹிமாசலப் பிரதேசத்தில் காசா என்ற ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. அக்டோபர் கடைசியில் போய்ச் சேர வேண்டும். ஆறு மாதம் பாதை அடைத்துவிடுமாமே? எந்த வழியாகப் போவது, என்ன கொண்டுபோவது? அவ்வளவு குறைவாக ஆள் இருக்கும் இடத்தில் வங்கிக்கு என்ன வேலை என்பதும் புரியவில்லை. (ஒரு தாயார், கரூர்)

பதில்: அம்மா, முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். பலரும் தவறுவது அங்கேதான்.

காசா இருப்பது லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில். வரைபடத்தைப் பார்த்தால் மணாலி பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் அந்தப் பாதை 4,500 மீட்டருக்கு மேல் உள்ள குன்ஸும் கணவாயைத் தாண்டிப் போகிறது. அக்டோபர் பாதிக்கு மேல் எந்த இரவிலும் பனி விழுந்து அது மூடலாம். மூடினால் அடுத்த கோடைதான். 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்துவிட்டதே என்று யாராவது சொல்வார்கள். அந்த 9 கிலோமீட்டர் சுரங்கம் ரோஹ்தாங் கணவாயின் கீழே போய் லாஹௌல் பக்கம் கொண்டுவிடுகிறது, அவ்வளவுதான். ஸ்பிதிக்குப் போக அதன் பிறகும் குன்ஸும் ஏறியாக வேண்டும். மாவட்டத் தலைநகர் கேலாங்கிலிருந்து காசாவுக்குக் குளிர்காலத்தில் வருகிறவர்கள் சிம்லா, கின்னௌர் என்று பெரிய சுற்றுச் சுற்றித்தான் வருகிறார்கள்.

ஆகவே உங்கள் மகன் சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, நாகோ, தாபோ வழியாகப் போகட்டும். சட்லெஜ் ஆற்றையும் பிறகு ஸ்பிதி ஆற்றையும் ஒட்டிய பாதை இது. பனியாலோ மண்சரிவாலோ சில நாள் தடைபடும், மற்றபடி குளிர்காலத்திலும் பெரும்பாலும் வண்டி ஓடும். உடம்புக்கும் இதுதான் நல்லது. காசாவின் உயரம் சுமார் 3,650 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட ஆயிரம் மீட்டர் கூடுதல். ரெக்காங் பியோவில் ஓர் இரவு, தாபோவில் ஓர் இரவு தங்கிப் போனால் உடம்பு மெல்லப் பழகும். சேர்ந்த முதல் இரண்டு நாள் ஓடியாடாமல் இருக்கட்டும். தலைவலியும் வாந்தியும் கூடிக்கொண்டே போனால், நாளைக்குச் சரியாகிவிடும் என்று படுத்துக் கிடக்கக் கூடாது. உடனே கீழே இறங்கிவிட வேண்டும். ஆஸ்துமா, இதய நோய் ஏதாவது இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரைப் பார்க்கட்டும்.

சரி, வங்கி விஷயம். மாவட்டத்தின் பரப்பு 13,841 சதுர கிலோமீட்டர், நீலகிரியைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 31,564. சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர்! தெற்கே இமயத் தொடர்கள் பருவமழையை மறித்துவிடுவதால் இது குளிர்ப் பாலைவனம். உருகும் பனியைச் சிறு வாய்க்கால்களில் திருப்பி, முறை வைத்துப் பாய்ச்சித்தான் விவசாயம். குளிர்காலத்தில் பனி குறைந்தால் கோடையில் வயல் காயும்.

ஆனாலும் அந்த மண்ணில் காசு இருக்கிறது. முன்பெல்லாம் வாற்கோதுமைதான். அதை வறுத்து அரைத்த மாவை ‘சம்பா’ என்கிறார்கள், பெயர் நம் நெல்லை ஞாபகப்படுத்தினாலும் சொல் திபெத்தியச் சொல். இப்போது பணப்பயிர் பச்சைப் பட்டாணி. சமவெளியில் பட்டாணி குளிர்காலப் பயிர், கோடையில் விளையாது. ஸ்பிதியிலோ வசந்தத்தில் விதைத்து ஜூலை, ஆகஸ்டில் பறிக்கிறார்கள். சந்தையில் வேறு பட்டாணி இல்லாத நேரம், நல்ல விலை கிடைக்கிறது. தாபோ பக்கம் ஆப்பிளும் உண்டு. லாஹௌலில் விதை உருளைக்கிழங்கும் காலிஃபிளவரும். கோடையில் வருகிற சுற்றுலாப் பயணிகளால் வீட்டு விடுதி வருமானமும் இருக்கிறது.

இதில் உங்கள் மகன் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே ஒரு வருஷத்துச் சம்பாத்தியம் முழுவதும் நாலைந்து மாதத்துக்குள் வந்துவிடுகிறது. பனி விழும் முன்பே அரிசி, மாவு, எண்ணெய், விறகு என்று வாங்கி அடுக்குவதற்கு அதில் பெரும் பங்கு போய்விடும். பிப்ரவரியில் தவணை கேட்டால் எவரிடமும் இருக்காது. பட்டாணி விற்ற கையோடு கட்டும்படி தவணையை அமைத்துக் கொடுக்கிற அதிகாரியை அந்த மக்கள் மறக்க மாட்டார்கள். இன்னொன்று, இது அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி. பழங்குடியினர் நிலம் வெளியாட்களுக்குக் கைமாறுவதில் கட்டுப்பாடு உண்டு, அடமானக் கடன் கொடுக்கும்போது இது குறுக்கே வரும். போய்ச் சேர்ந்த வாரமே அதைப் படித்துவிடட்டும்.

வீடு பார்க்கும்போது அழகைப் பார்க்க வேண்டாம். தெற்கே பார்த்த ஜன்னலும், ‘புகாரி’ என்கிற இரும்பு விறகடுப்பும், உலர் கழிப்பறையும் இருக்கிறதா என்று கேட்கட்டும். குளிர் மைனஸ் இருபதுக்கும் கீழே போகும். குழாய்த் தண்ணீர் உறைந்து ஃப்ளஷ் கழிப்பறை உபயோகமில்லாமல் போய்விடும். உலர் கழிப்பறையில் மேலே மண்ணை அள்ளிப் போட்டால் போதும், நாற்றம் வராது. கீழே சேர்வது வசந்தத்தில் வயலுக்கு எருவாகப் போகிறது, அந்தப் பட்டாணிக்கு அதுதான் உரம். குடிதண்ணீரை டிரம்மில் பிடித்து அடுப்பு இருக்கும் அறையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். புகைக்குழாய் அடைக்காமல் இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ஜன்னலை முழுதாக மூடிவிட்டு அடுப்பெரிய விட்டுத் தூங்கவே கூடாது, விஷவாயு உயிரைக் குடித்துவிடும். விறகுக்கு இப்போதே காசா வங்கிக் கிளைக்குப் போன் போட்டுச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

பெட்டியில் கட்டாயம் குக்கர் வையுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு வேகாது. ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட, உள்ளே தெர்மல், மேலே கம்பளி, அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போடுவதுதான் குளிர் தாங்கும். பனியில் பட்டு வரும் வெயில் கண்ணை எரிக்கும் என்பதால் கருப்புக் கண்ணாடி வேண்டும். வழக்கமான மாத்திரைகள் ஆறு மாதத்துக்கு வேண்டும். புளியும் பொடிகளும் நீங்கள் கட்டாமல் விடமாட்டீர்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் அங்கே கல்லாகிவிடும். குறுகிய வாய் பாட்டிலில் ஊற்றாமல், கரண்டி போகிற அகலமான டப்பாவில் ஊற்றிக் கொடுங்கள்.