மண்ணெண்ணெய் வாடையும் மோசல் ஒயினும்

அன்புள்ள சார்,

ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் மோசல் பகுதி ரீஸ்லிங் ஒயின் ஒரு புட்டி கொடுத்தார். 2011ஆம் வருடத்து ஸ்பேட்லேஸ, அதாவது தாமதமாகப் பறித்த பழத்தில் செய்த வகை. திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை. குடித்தால் இனிப்பு. ஆல்கஹாலோ 8 சதவீதம்தான். இனிக்கிற ஒயின் மட்டம் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நண்பர் இதை உலகின் சிறந்த வெள்ளை ஒயின் என்கிறார். புட்டி கெட்டுப்போயிருக்குமா?

அன்புடன்,
கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

புட்டி கெடவில்லை. அத்தனை வருடம் காத்திருந்த ஒன்றை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார், நல்ல நண்பர்.

முதலில் அந்த வாடை. திராட்சையில் உள்ள கரோட்டினாய்டுகள் சிதைந்து டிடிஎன் என்ற சேர்மம் உண்டாகிறது. மற்ற திராட்சைகளைவிட ரீஸ்லிங்கில் அது அதிகம். புட்டிக்குள் வருடம் ஏற ஏறக் கூடும். பத்து வயது தாண்டிய ரீஸ்லிங்கில் அது இருப்பது இயல்பு. கோப்பையில் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள். எலுமிச்சைத் தோல், பீச், தேன் வாசனைகள் பின்னாலேயே வரும்.

இனிப்புக்கு வருகிறேன். அதோடு சேர்ந்து வந்த புளிப்பைக் கவனித்தீர்களா? மோசல் ஏறக்குறைய 50 பாகை வடக்கில் இருக்கிறது. குளிர்ந்த ஊர். பழம் மெல்லப் பழுக்கும், அறுவடை அக்டோபர், நவம்பர் வரை போகும். வெப்பமான ஊர்களில் பழுக்கும்போதே கரைந்துபோகும் அமிலம் இங்கே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 7, 8 கிராம் சாதாரணம். சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறுமுன் நொதித்தலை நிறுத்துகிறார்கள். அதனால்தான் 8 சதவீதம், அதனால்தான் இனிப்பு. இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தால் குடித்து முடித்ததும் வாய் சுத்தமாக இருக்கும். அமிலம் இல்லாத இனிப்புதான் மட்டம். 1970, 80களில் ஜெர்மனி அப்படிப்பட்ட மலிவு ஒயினை உலகமெல்லாம் அனுப்பியது. நீங்கள் கேள்விப்பட்டது அந்தக் கெட்ட பெயரின் மிச்சம்.

குளிர்ந்த ஊரில் திராட்சை எப்படிப் பழுக்கிறது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மோசல் ஆறு பாம்பாக வளைந்து வளைந்து ஓடுகிறது. வளைவுகளில் தெற்கு பார்த்த செங்குத்தான சரிவுகளில்தான் சிறந்த தோட்டங்கள் பலவும். வெயில் அங்கே நேராக விழும், ஆற்று நீரும் ஒளியைத் திருப்பி அனுப்பும். தரை முழுக்க உடைந்த சிலேட்டுக் கல். பகலில் சூடேறி இரவில் அந்தச் சூட்டை விடும், மழைநீரைத் தேங்கவிடாது. ஒயினில் கல்லின் சுவையே இறங்குகிறது என்பார்கள். கல்லின் தாதுக்கள் அப்படி நேராக நாக்குக்கு வருவதில்லை. கல் செய்வது வெப்பமும் வடிகாலும். அதுவே பெரிய காரியம்.

ப்ரெம் கிராமத்தின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 60 பாகைக்கும் மேல். டிராக்டர் ஏறாது. கவாத்து, அறுவடை எல்லாம் கையால்தான். ரோமானியர் காலத்திலிருந்தே இங்கே கொடி வளர்க்கிறார்கள். 1787இல் ட்ரியரை ஆண்ட பேராயர் கிளெமன்ஸ் வென்ஸஸ்லாஸ், மோசமான கொடிகளைப் பிடுங்கி நல்லவற்றை நடச் சொல்லி ஆணையிட்டார். ரீஸ்லிங் பரவ அது முக்கியக் காரணம். இன்று ஏறி இறங்க ஆளில்லை, பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். 1990இல் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த தோட்டப் பரப்பு இப்போது 9,000க்கும் கீழே. கைவிடப்படும் தோட்டங்களில் மிகச் செங்குத்தானவையும் இருக்கின்றன. கையுழைப்பு இவ்வளவு தேவைப்படும் ஒயினுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பது நியாயம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இனிப்பு வேண்டவே வேண்டாம் என்றால் லேபிளில் ‘ட்ரோக்கன்’ என்று இருக்கிறதா பாருங்கள். சர்க்கரை லிட்டருக்கு 9 கிராமைத் தாண்டாது. ஆனால் நம் சமையலோடு குடிப்பதானால் அந்த இனிப்பை விட்டுவிடாதீர்கள். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைக் கூட்டும், இனிப்பு தணிக்கும். ஸ்பேட்லேஸவைவிட லேசான ‘கபினெட்’ ஒன்று வாங்கி, நன்றாகக் குளிரவைத்து, கோழி வறுவல் செய்யும் நாளில் திறந்து பாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.