திருகோணமலையின் உள்வீதிகளில் வேக எல்லையை மணிக்கு 30 கிலோமீற்றர் ஆக்கினால் உயிர்கள் தப்புமா, இல்லை அது வெறும் போர்டுதானா?

கேள்வியில் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன: “எங்கட ஒழுங்கையில 30 எண்டு போர்டு நட்டா ஆர் மதிக்கிறது? மதிச்சாலும் 50க்கும் 30க்கும் அப்பிடி என்ன பெரிய வித்தியாசம்?” இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்.

மட்டிக்களியிலோ லிங்கநகரிலோ ஓர் ஒழுங்கை. நிறுத்தி வைத்த ஓட்டோவுக்குப் பின்னாலிருந்து, 14 மீற்றர் முன்னால், பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு பிள்ளை வீதிக்கு வருகிறது. சாரதி அதைக் கண்டு காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு விநாடி ஆகும். 30இல் வரும் கார் அந்த ஒரு விநாடியில் 8.3 மீற்றர் ஓடும், பிரேக் பிடித்தபின் காய்ந்த தாரில் இன்னும் 5 மீற்றர். ஆக 13 மீற்றர் சொச்சத்தில், பிள்ளைக்கு முன்னால் நின்றுவிடும். 50இல் வரும் கார் அந்த ஒரு விநாடியிலேயே 13.9 மீற்றர் ஓடிவிடுகிறது. கால் பிரேக்கில் படும்போது பிள்ளை பம்பருக்கு முன்னால் நிற்கிறது. வேகம் கொஞ்சமும் குறையாமல் அடி விழுகிறது.

மாரி மழையிலும், டச்பே பக்கம் காற்று அள்ளிக்கொண்டு வந்து போடும் மணலிலும் ரயரின் பிடி பாதியாகக் குறையலாம். அப்போது 50இல் வரும் வாகனம் நிற்க 42 மீற்றர் வரை வேண்டும், 30இல் வருவதற்கு 18 சொச்சம் போதும்.

அடியின் கனத்தை மரத்தில் வைத்துப் பார்க்கலாம். 30இல் மோதுவது ஏறத்தாழ மூன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்: கொய்யா மரக் கிளை. 50 என்றால் பத்து மீற்றர்: தென்னை. வேகம் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டுகிறது, உடம்பு வாங்கும் சக்தியோ 2.8 மடங்காகிறது. கொய்யாவிலிருந்து விழுந்தவருக்குக் கை முறியும். தென்னையிலிருந்து விழுந்தவர் பிழைத்தால் அதிர்ஷ்டம். வயது போனவர்கள் கொய்யாவிலிருந்து விழுந்தாலும் எழும்பமாட்டார்கள் என்பதால்தான் ஆஸ்பத்திரி, கோயில், சந்தை வாசல்களில் 30 கூடக் கொஞ்சம் அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

இதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 5 முதல் 29 வயது வரையானவர்களின் சாவுக்கு உலகளவில் முதற் காரணம் வீதி விபத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இலங்கையில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பங்கினர் மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும். செய்தியாகாத காயங்கள் இன்னும் பல மடங்கு. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால் பொருந்துவதற்கு நாலு முதல் ஆறு மாதம் ஆகும். வள்ளத்தில் ஏறிப் பிழைக்கும் ஒருவருக்கு அது ஒரு பருவத் தொழிலே போன மாதிரி.

இனி முதற் சந்தேகம். போர்டை மட்டும் நட்டால் சராசரி வேகம் மணிக்கு 2 முதல் 4 கிலோமீற்றர் குறைவது வழக்கம். ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஆனால் போக்குவரத்துத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு கணக்கின்படி, சராசரி வேகம் 1 வீதம் குறைந்தால் சாவு விபத்து ஏறக்குறைய 4 வீதம் குறையும். 44ஐ 40 ஆக்குவது 9 வீதக் குறைப்பு. நகர வீதிகளில் விளைவு சற்று மெலிந்தே வரும் என்று வைத்துக்கொண்டாலும், காற்பங்குச் சாவு குறையக் கூடிய மாற்றம் அது. வேல்ஸ் நாட்டில் 2023 செப்டெம்பர் 17 முதல் குடியிருப்பு வீதிகளின் பொது எல்லை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது ஏறத்தாழ 32 கிலோமீற்றராக, இறக்கப்பட்டது. வேகம் சில மைல்தான் குறைந்தது, முதல் ஆண்டில் அவ்வகை வீதிகளில் காயப்பட்டோர் தொகை காற்பங்குக்கு மேல் குறைந்தது. எதிர் உதாரணமும் உண்டு. பெல்பாஸ்ட் நகர மையத்தில் போர்டை மட்டும் மாற்றினார்கள், விபத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஏற்கெனவே நெரிசலில் ஊரும் வீதிகளில் குறைப்பதற்கு வேகமே இருப்பதில்லை. லண்டனில் வேகத்தடை மேடும் வீதி ஒடுக்கமும் சேர்த்து அமைத்த 20 மைல் வலயங்களில் 1986 முதல் 2006 வரையான தரவை ஆராய்ந்தபோது காயங்கள் ஏறத்தாழ 42 வீதம் குறைந்திருந்தன.

நம் ஊருக்கு இதைப் பொருத்தினால், பிரதான வீதியிலும் மத்திய வீதியிலும் பகலில் 30 போர்டு நடுவது வீண் செலவு. அங்கே 25ஐத் தாண்டுவதே பெரும்பாடு. கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும் போர்டு தேவையில்லை, வளைவும் சனமும் குறுக்கே நிற்கும் மான்களுமே போதும். லாபம் கிடைப்பது காபட் (வழவழப்பான தார்த் தளம்) போட்டு நேர்கோடாகக் கிடக்கும் உள்வீதிகளில்: உவர்மலை, பாலையூற்று, லிங்கநகர்ப் பக்கம், சந்தியைத் தவிர்க்கக் குறுக்கே பாயும் ஒழுங்கைகள். குண்டும் குழியுமாக இருந்தபோது 25இல் போன அதே பைக், காபட் விழுந்த மறுநாள் 50இல் போகிறது. காபட் ஒப்பந்தத்திலேயே மேட்டையும் எழுதாமல் விடுவதுதான் இங்கே அடிப்படைத் தவறு.

மேடோ போர்டோ கேட்டு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதுமுன் வேகத்தை அளந்துவிடுங்கள். ஸ்பீட் கன் வேண்டாம். வீதியோரத்தில் 50 மீற்றர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு, ஒரு கைபேசி நேரமானி, ஒரு கொப்பி போதும். 180ஐ விநாடிகளால் வகுத்தால் வேகம் வரும்: 6 விநாடி என்றால் 30, நாலரை என்றால் 40, 3.6 என்றால் 50. விரல் தாமதத்தால் 50இல் 3 கிலோமீற்றர் வரை பிழை வரும், பரவாயில்லை. முன்னால் வேறு வாகனம் மறிக்காமல் தன்பாட்டில் வருகிறவற்றை மட்டும் எடுங்கள். பள்ளிக்கூடம் தொடங்குமுன், ஒன்றரை மணிக்கு விடும்போது, மாலையில் ரியூசன் முடியும்போது என்று பிரித்து 100 வாகனங்கள். மதிலோடு ஒதுங்கி நில்லுங்கள். கொப்பியோடு நடு வீதியில் நிற்பவரைக் கண்டால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள், கணக்குக் கெட்டுப்போகும். வேகமானதிலிருந்து கீழாக அடுக்கி, பதினைந்தாவது எண்ணைப் பாருங்கள். அது 40ஐத் தாண்டினால் போர்டு மட்டும் போதாது.

மேடு என்றதும் ஊர் இளைஞர்கள் ஓர் இரவில் சீமெந்து குழைத்து ஒரு முழ அகலத்தில் போடுகிறார்களே, அது மேடல்ல, பொறி. இருட்டில் பைக் தூக்கி எறியப்படும், கர்ப்பிணியோடு வரும் ஓட்டோ குலுங்கும். சரியான மேடு வண்டியின் போக்கில் 3.7 மீற்றர் நீளம், நடுவில் 7.5 முதல் 10 சென்ரிமீற்றர் உயரம், மெல்ல எழுந்து மெல்ல இறங்கும் முதுகு. 30இல் தாண்டினால் உறுத்தாது, 50இல் தாண்டினால் தலை கூரையில் முட்டும். இரண்டு மேட்டுக்கு இடையில் 60 முதல் 80 மீற்றர். 150 மீற்றர் விட்டால் நடுவில் முறுக்கிப் பாய்ந்து அடுத்ததில் பிரேக் போடுவார்கள். சத்தமும் புகையும் முன்னதைவிடக் கூடும், பக்கத்து வீட்டுக்காரரே உடைக்கச் சொல்லுவார். ஓரத்தில் அரை மீற்றர் விட்டால் பைக்குகள் எல்லாம் அதால் புகுந்து நடந்து போகிறவரை இடிக்கும். தண்ணீர் ஓட 15 முதல் 20 சென்ரிமீற்றர் மட்டும் விடுங்கள். பள்ளிக்கூட வாசலில் மேட்டையே தட்டையாக்கி அதன் மேல் பாதசாரிக் கடவை போடுவது இன்னும் நல்லது. பிள்ளை சாரதியின் கண் மட்டத்துக்குச் சற்று உயரும், கடவையும் வேகத்தடையும் ஒன்றாகும். அம்புலன்ஸ் வழக்கமாகப் போகும் வீதியில் மட்டும் மேட்டைத் தவிர்த்து, சந்தி மூலைகளின் வளைவை ஒடுக்குங்கள். மூலை அகலமாக இருந்தால் வண்டி வேகம் குறைக்காமலே திரும்பும்.

விபத்துக்கு வெளியேயும் பலன் உண்டு, ஆனால் மிகைப்படுத்தக் கூடாது. கார்களின் வேகம் 50இலிருந்து 30க்கு வந்தால் சத்தம் ஏறத்தாழ 3 டெசிபல் குறையும். பைக், ஓட்டோவில் அவ்வளவு குறையாது, அந்த வேகத்தில் கத்துவது ரயரல்ல, எஞ்சின். புகையில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். பெரிய பலன் நடையில் இருக்கிறது: வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கச் சொல்லும் கிளினிக், நடக்கப் பயமில்லாத ஒழுங்கை இல்லாவிட்டால் சீனி வருத்தக்காரரிடம் அதைச் சொல்லிப் பிரயோசனமில்லை. நேர இழப்புப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு கிலோமீற்றரில் 48 விநாடி, அதுவும் இடையில் எங்கும் நிற்காமல் 50இல் போனால்தான்.

நடைமுறைக்கு வந்தால், இலங்கையில் கட்டிடப் பகுதிகளில் பொது எல்லை 50, ஓட்டோவுக்கு 40. ஊரார் நட்ட 30 போர்டை வைத்துப் பொலிஸ் தண்டம் எழுத முடியாது. ஆகவே முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, மாகாண வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு, ஒழுங்கைகள் உள்ளூராட்சி மன்றத்துக்கு. தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் மேசைக்கு மேசை அலையும். வேகக் கணக்கு, வீதியின் அகலம், பள்ளிக்கூட வாசல் எங்கே, தெருவிளக்கு எங்கே என்ற கைவரைபடம், பக்கத்து வீட்டார் கையெழுத்து நாலையும் சேர்த்துக் கொடுங்கள்.

மேடு வந்தபின் சாவு குறைந்ததா என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஓர் ஒழுங்கையில் பத்து ஆண்டுக்கு ஒன்று நடந்தாலே அதிகம், அதில் எதுவும் தெரியாது. அதே இடத்தில், அதே நேரத்தில், அதேபோல 100 வாகனங்களை ஒரு மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் அளவுங்கள். இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகையில் ஈர வீதியில் தார் பிடிக்காது, பெயின்றும் கழுவுப்படும். வேலை ஆவணிக்குள் முடிய வேண்டும் என்றால் கடிதம் தை, மாசியிலேயே போயிருக்க வேண்டும்.