ஸ்கேனில் தெரியாத ஆட்டிசம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மூன்று வயது மகனுக்கு ஆட்டிசம் என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் நார்மல். அப்படியானால் ஆட்டிசம் இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. குழந்தையின் நடத்தையையும் வளர்ச்சியையும் பார்த்துத்தான் ஆட்டிசத்தை உறுதிசெய்கிறார்கள். எம்.ஆர்.ஐ. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மூளையைக் காட்டும். ஹார்வர்டும் கூகுளும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கன மில்லிமீட்டர் மூளைத் துணுக்கில் சுமார் 57,000 செல்களும் 15 கோடி சினாப்ஸ்களும் இருந்தன. ஆட்டிசத்தில் காணும் வித்தியாசங்களில் முக்கியமானவை இந்தச் சினாப்ஸ்களில், அதாவது நரம்பணுக்கள் செய்தி கைமாற்றும் சந்திப்புகளில் இருக்கின்றன. சிறு வயதில் மிதமிஞ்சி உருவாகும் சினாப்ஸ்களை மூளை பிறகு தானே குறைத்துக்கொள்ளும். தானமாகக் கிடைத்த மூளைகளைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2014இல் ஒப்பிட்டபோது, மற்றவர்களிடம் சினாப்ஸ் அடர்த்தி வளர வளர ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் சுமார் 16 சதவீதம்தான் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரி ஸ்கேனில் இது தெரியாது.

ஆகவே ஆட்டிசத்துக்காக மட்டும் மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், தோலில் பல வெளிர் திட்டுகள், வயதுக்குப் பொருந்தாத தலையளவு, கற்ற திறன்கள் வழக்கத்துக்கு மாறாக மறைவது ஆகியவை இருந்தால் ஸ்கேன் அவசியமாகலாம். காரணம் தேடிச் செலவு செய்வதென்றால் குரோமோசோமல் மைக்ரோஅரே (குரோமோசோமில் சிறு இழப்பு, கூடுதல்களைத் தேடுவது), ஃப்ராஜைல் எக்ஸ் (எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுக் கோளாறைத் தேடுவது) ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளைப் பற்றி முதலில் கேளுங்கள். குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பழைய கேரியோடைப் சோதனை மட்டும் எடுத்தால் குரோமோசோமில் உள்ள சிறிய இழப்புகள் தப்பிவிடும்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் தலை பெரிதாக இருக்குமா?

பதில்: சிலருக்கு மட்டும். ஆட்டிசம் உள்ள அண்ணன் அல்லது அக்காவுக்குப் பின் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து ஸ்கேன் செய்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், பின்னாளில் ஆட்டிசம் உறுதியானவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் மூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கின்) பரப்பு வேகமாக விரிந்தது. மூளையின் கன அளவு இரண்டாம் வயதில்தான் கூடியது. அதாவது அறிகுறிகள் வெளியே தெரியுமுன்பே மாற்றம் தொடங்கிவிட்டது.

வீட்டில் அளக்க நீளாத டேப் வேண்டும். புருவத்துக்கும் காதுக்கும் மேலாகச் சுற்றி, பின்மண்டை அதிகம் புடைத்த இடத்தின் வழியே இறுக்கமாக அளந்து, மூன்று முறையில் பெரிய எண்ணைக் குறியுங்கள். சடை, ஹேர்பேண்ட் மீது டேப் போனால் அளவு தப்பும். பெற்றோர் தலையையும் அளந்து டாக்டரிடம் கொடுங்கள். குடும்பத்திலேயே பெரிய தலை என்றால் பெரும்பாலும் பயமில்லை. வயதுக்கான எல்லையைத் தலையளவு நன்றாகத் தாண்டியிருந்தால், பெரிய தலையோடு தொடர்புள்ள பிடென் (PTEN) மரபணுவைப் பரிசோதிப்பார்கள்.

கேள்வி: கர்ப்பத்தில் நான் அழுதுகொண்டே இருந்ததால்தான் குழந்தை இப்படிப் பிறந்தது என்று மாமியார் சொல்கிறார்.

பதில்: அம்மா, உங்கள் அழுகை இதற்குக் காரணமில்லை. தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொல்லி, எத்தனையோ பெண்களை நொறுக்கினார்கள். 1977இல் பிரிட்டனில், ஒருவருக்காவது ஆட்டிசம் உள்ள 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த, மரபணு ஒன்றேயான 11 ஜோடிகளில் நான்கு ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவில் வந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவின் பங்கு அன்றே தெரிந்துவிட்டது. 2020இல் வந்த பெரிய மரபணு ஆய்வு 102 மரபணுக்களைப் பட்டியலிட்டது. அவற்றில் பெரும்பாலானவை கருவில் மூளை உருவாகும்போதே வேலை தொடங்குபவை. பல மாற்றங்கள் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாக நேர்பவை.

ஒரே ஓர் எச்சரிக்கை: வலிப்புக்கான வால்ப்ரோயேட் மாத்திரை கர்ப்பத்தில் ஆட்டிச வாய்ப்பைக் கூட்டும். அதை உட்கொள்பவர்கள் கருத்தரிக்குமுன் நரம்பியல் டாக்டரிடம் பேசி மாற்ற வேண்டும். டாக்டரைக் கேட்காமல் தாங்களாகவே நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கேள்வி: மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். அடம்தானா?

பதில்: அடமில்லை. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும்போது பெரும்பாலோர் மூளை பழகி அடங்கிவிடும். ஒலிக்கு மிகை உணர்வுள்ள ஆட்டிசப் பிள்ளைகளிடம் அமிக்டலாவும் (பயத்தை உணரும் மூளைப் பகுதி) ஒலியைக் கேட்கும் மூளைப் பகுதியும் அப்படி அடங்குவதில்லை என்று மூளை ஆய்வுகள் காட்டியுள்ளன. மிக்ஸி போடுமுன் காட்டிச் சொல்லுங்கள், வேறு அறைக்குப் போக விடுங்கள். காது மறைப்பான் அந்த நேரத்துக்கு மட்டும் போதும். நாள் முழுதும் போட்டால் சின்னச் சத்தமும் தாங்காமல் போகலாம். பழக்குவதாகச் சொல்லிப் பக்கத்தில் பிடித்து நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். பலன் உண்டா?

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ள 180 குழந்தைகளிடம், ஸ்டெம் செல்கள் உள்ள தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்திச் சோதித்தார்கள். 2020இல் வந்த முடிவில், எதிர்பார்த்த சமூகத் திறன் முன்னேற்றம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி, ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம். ஆய்வில் சேர்பவரிடம் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: மகள் சில சமயம் வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடுகிறாள். ஆட்டிசத்தாலா, வலிப்பா?

பதில்: இரண்டும் சேர்ந்து வரக்கூடும்; ஆட்டிசத்தில் வலிப்பு அதிகம், சிறு வயதிலும் பதின்பருவத்திலும் தலைதூக்கும். பெயர் சொல்லித் தோளைத் தொடுங்கள். உடனே திரும்பினால் பெரும்பாலும் வலிப்பில்லை. தொட்டும் அசையாமல் இமை துடித்தால், வாய் மென்றால், பேச்சு பாதியில் நின்றால் செல்போனில் வீடியோ எடுத்து நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையைத் தூக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். விழிப்பில் மட்டும் எடுத்தால் பல அலைகள் தவறிவிடும். வலிப்பே வராமல் இ.இ.ஜி.யில் மட்டும் அலை மாறியிருந்தால் பொதுவாக மருந்து தொடங்குவதில்லை.