‘பர்மிஷன் எங்க பொறுப்பு’ன்னாங்க அண்ணாச்சி!

கேள்வி: அண்ணாச்சி, வாட்ஸப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் ஓர் அருவிக்கு நாலு பேர் பதிவு செய்தோம். தலைக்கு 2,800 வீதம் 11,200 ரூபாய் ஜிபேயில் கட்டியாச்சு. ‘கைடு, மதியச் சாப்பாடு, வனத்துறை பர்மிஷன் எல்லாம் சேர்த்து’ என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி டூர் ஏற்பாடு செய்தவர் போன் பண்ணி, ‘பர்மிஷன் கிடைக்கல, செக்போஸ்ட்டைத் தொடாம வேற வழியா கூட்டிட்டுப் போறேன்’ என்றார். நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டோம். பணத்தைக் கேட்டால், ‘கேன்சல் பண்ணது நீங்க, ரீஃபண்ட் கிடையாது’ என்கிறார். விட்டுத் தொலைக்க வேண்டியதுதானா?
— பாளையங்கோட்டை வாசகர்

பதில்: விடாதீங்க தம்பி. அந்த ‘வேற வழி’யில் போகாமல் நின்றீங்க பாருங்க, இப்போ உங்கள் கையில் இருக்கும் பெரிய பலமே அதுதான். செக்போஸ்ட்டுக்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் வந்தது, தமிழ்நாட்டில் முதலாவது, மையப்பகுதி மட்டும் 895 சதுர கிலோமீட்டர். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்ப் போய் நமக்கு அது பழகின காடு மாதிரித் தோணும். ஆனால் அனுமதியில்லாமல் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கைடு மேல் மட்டுமல்ல, உங்கள் மேலும் வழக்கு வரும். போய்விட்டு வந்து ‘சர்வீஸ் சரியில்லை’ என்று புகார் கொடுத்திருந்தால், முதல் கேள்வி உங்களைப் பார்த்துத்தான் வந்திருக்கும்.

இப்போ பணம். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்ற நிபந்தனை, உங்களுக்குக் காய்ச்சல் வந்து நீங்கள் போகாமல் இருந்தால் பேசலாம். இங்கே விற்றவரே விற்ற சரக்கைத் தரவில்லை. பர்மிஷனும் சேர்த்துத்தான் 2,800. அது இல்லையென்றால் சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு: பில் தராமல் இருப்பதும், குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தைச் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தராமல் இருப்பதும் முறையற்ற வணிக நடைமுறை. உங்களுக்கு பில் வந்ததா? வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

விளம்பரம், ஜிபே ரசீது, அந்த ராத்திரிக்குப் பிறகு வந்த மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். ‘டெலிட் ஃபார் எவ்ரிஒன்’ என்று ஒரு வசதி அவர் போனிலும் இருக்கு. போனில் சொன்னதை எழுத்தில் வரவையுங்கள். ‘பர்மிஷன் கிடைக்காததால் நாங்கள் வரவில்லை, பணத்தை அனுப்புங்கள்’ என்று நீங்களே ஒரு மெசேஜ் போட்டால், அவர் கோபத்தில் பதில் எழுதுவார். அந்தப் பதில்தான் சாட்சி. அப்புறம் கொடுத்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ், 15 நாள் கெடு வைத்து. கூடவே 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, ஒரு போன். பாதிப் பேர் அந்த எண்ணிலிருந்து விசாரித்ததுமே பணத்தை அனுப்பிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அவர் மதுரைக்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ரெண்டு வருஷத்துக்குள் கொடுக்கணும். ஒரே சிக்கல், நோட்டீஸ் அனுப்ப முகவரி வேணும். வெறும் போன் நம்பரை நம்பிப் பணம் கட்டினால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம். ஆளே போனை அணைத்துவிட்டுக் காணாமல் போயிருந்தால் அது வேறு கதை, அதற்கு 1930 சைபர் உதவி எண்.

அடுத்த தடவை பணம் கட்டுவதற்கு முன்னாடி அனுமதிக் கடிதத்தின் படத்தைக் கேளுங்கள். தேதி, தடம், எத்தனை பேர் என்று பாருங்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ விபத்து நடந்தபின், அந்த வருஷமே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 தடங்களை ஆன்லைன் முன்பதிவுக்குத் திறந்தது. ‘யாருமே பார்க்காத அருவி’ என்று எவராவது விற்றால், யாரும் ஏன் பார்க்கவில்லை என்றும் கேட்டுவையுங்கள்.

கேள்வி: ‘என்ன நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மலையேற்றத்துக்குப் போனோம். 22 பேருக்கு ஒரே கைடு. பாறையில் வழுக்கி என் கணவருக்கு மணிக்கட்டு முறிந்தது. முதலுதவிப் பெட்டிகூட இல்லை. இனி எதுவும் கேட்க முடியாதா?
— அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: கேட்கலாம். பாறை வழுக்கும் என்பது தெரிந்தே போனீர்கள், அதற்கு அந்தப் படிவம் பொருந்தும். 22 பேரை ஒருவர் கூட்டிப் போனதும், கட்டுப்போட ஒரு துணிகூட இல்லாததும் அலட்சியம். கையெழுத்து வாங்கிக்கொண்டு அலட்சியத்துக்கு விலக்குக் கேட்டால் ஆணையங்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் வழுக்கி விழுந்ததை மட்டும் சொன்னால் புகார் நிற்காது. எத்தனை பேர், எத்தனை கைடு என்பதற்கு அன்று எடுத்த குரூப் போட்டோவே போதும். எக்ஸ்ரே, ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: ‘5 கிலோமீட்டர்தான், ஈஸி’ என்று சொல்கிறார்கள். நானும் மைனியும் முதல் முறை மலையேற்றத்துக்குப் போகிறோம். என்ன ஷூ வாங்க? அட்டைக்கு என்ன செய்ய?
— தென்காசி வாசகி

பதில்: கிலோமீட்டரை விடுங்கள், எத்தனை மீட்டர் ஏற்றம் என்று கேளுங்கள். 5 கி.மீ. தூரத்தில் 600 மீட்டர் ஏறணும் என்றால் நல்ல பாதையிலேயே ரெண்டு மணி நேரம். வேரும் பாறையும் ஓடையுமாக இருந்தால் மூன்று, நான்கு. ‘அந்தா, அடுத்த திருப்பம்’ என்று ஒரு கைடு என்னை ஒன்றரை மணி நேரம் நடத்தியிருக்கிறார்.

ஓடையைக் கடக்கணும் என்றால் வாட்டர்ப்ரூஃப் ஷூவுக்குக் காசைக் கொட்டாதீங்க, உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. அடியில் ஆழமான பள்ளம் வெட்டின ரப்பர் சோல், சீக்கிரம் காயும் மேல்துணி, அது போதும். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து, விரல் நுனிக்கு முன்னால் சற்று இடம் விட்டு வாங்குங்கள். இறக்கத்தில் நகம் இடித்தே கருத்துப்போகும். ஆன்லைனில் வாங்கினால் வீட்டுக்குள்ளேயே நடந்து பாருங்கள், மண் பட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

அட்டைக்கு முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி உறை விற்கிறார்கள், வாங்கலாம். கடித்துவிட்டால் பதறிப் பிய்க்காமல், நகத்தை வாயடியில் கொடுத்து நெம்பிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் சுரக்கும், அதனால் கடிவாய் கொஞ்ச நேரம் கசியத்தான் செய்யும். மைனியிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.